பிளாட்பாரம் டிக்கெட்

அன்புள்ள குமாருக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீ, மருமகள், பாப்பா நலம் அறிய ஆவல். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். உன் அக்கா மகன் படம் எடுத்து அனுப்புவான். பொறுமையாகப் படி.

காலேஜ் லீவில் விடிய விடிய கம்ப்யூட்டரில் பார்ப்பாயே, 'ப்ரிஸன் பிரேக்' என்று ஜெயிலிலிருந்து தப்பிக்கிற அமெரிக்க டி.வி. தொடர். பரீட்சையை வைத்துக்கொண்டு என்னலே படம் என்று நான் வயரைப் பிடுங்கினேனே, அதேதான். இப்போது நான் பார்க்கிறேன். பேரன் டி.வி.யில் போட்டுக் கொடுத்தான். கீழே ஓடுகிற எழுத்தை நிறுத்தி நிறுத்திப் படிப்பதால் ஒரு எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டாவது சீசன் 22 எபிசோடும் நேற்றோடு முடிந்தது.

முதல் சீசன்தான் உசத்தி என்று பேரன் சொல்கிறான். எனக்கு இரண்டாவதுதான். ஜெயிலுக்குள் இருக்கும்வரை ஒரு சுவர்தான். மைக்கேல் உடம்பெல்லாம் வரைபடத்தைப் பச்சை குத்திக்கொண்டு உள்ளே போய் அண்ணனை வெளியே கொண்டுவந்துவிட்டான். தப்பித்து எட்டு மணி நேரம் கழித்துத்தான் இந்தக் கதையே ஆரம்பம். எட்டுப் பேர் ஓடுகிறார்கள். டி.வி.யில் எல்லாம் அவர்கள் முகம். வெட்டுப்பட்ட கையை ஒருத்தன் மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய், மரத்துப்போக ஊசிகூட இல்லாமல் தைத்துக்கொள்கிறான். அம்மா அந்த இடத்தில் எழுந்து போய்விட்டாள்.

துரத்துகிற ஆபீசர் மஹோன்தான் எனக்குப் பிடித்த ஆள். பச்சை குத்தியதைப் போட்டோவில் பார்த்தே மைக்கேல் அடுத்து எங்கே போவான் என்று கண்டுபிடித்துவிடுகிறான். அவ்வளவு மூளை. ஆனால் மாத்திரையைப் பேனாவுக்குள் ஒளித்து வைத்து விழுங்குகிறான். அவன் வீட்டுத் தோட்டத்தில் பறவைக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்குக் கீழே ஒரு பிணம் கிடக்கிறது.

இந்த சீசனை எடுத்தது உங்கள் டல்லாஸ் பக்கம்தானாம். கதைப்படி யூட்டா, நியூ மெக்சிகோ என்று வேறு வேறு ஊர் வந்தாலும், அந்த அகல ரோட்டையும் காய்ந்த புல்லையும் பார்த்ததும், போன தடவை நீ காரில் கூட்டிப்போன இடம் என்று அம்மாவிடம் சொன்னேன். நீ அங்கே வீடு வாங்கியதைத் தெரு முழுக்கச் சொன்னவன் நான். இப்போதும் சொல்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்காதே.

போன புதன்கிழமை ராத்திரி ஒன்பதரைக்குப் பாப்பா வீடியோவில் பேசினாள். அங்கே காலை 11 மணி. அவளுக்குப் பள்ளி லீவு. பின்னால் கைலியோடு நீ குறுக்கே போனாய். கேமராவைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டாய். வீட்டிலிருந்தே வேலை என்பாய். இருக்கலாம். அதற்கு முந்தின புதன்கிழமையும் அப்படித்தான். மாதப் பணம் தேதி தவறாமல் வருகிறது, அதில் குறை சொல்லவில்லை. எதிர்வீட்டு சாரிடம் பொதுவாக ஒரு பேச்சுக்குக் கேட்டேன், உன்னை மாதிரி விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் 60 நாள்தான் கெடு என்றார். சும்மா தெரிந்து வைத்துக்கொண்டேன். காலண்டரில் எண்ணிக்கொண்டிருப்பதாக நினைத்துவிடாதே.

அந்த எட்டுப் பேரில் சி-நோட் என்று ஒருத்தன். ஜெயிலில் இருந்தபோது, ஈராக்கில் பட்டாளத்தில் இருப்பதாகப் பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருந்தவன். இந்த சீசனில் மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு. மனைவியைப் போலீஸ் பிடித்துவிடுகிறது. பிள்ளையின் மருந்து தீர்ந்துபோகிறது. அவள் துவண்டுபோனதும் மஹோனுக்கு அவனே போன் போட்டு, என்னைப் பிடித்துக்கொள், என் மகளைக் காப்பாற்று என்கிறான். அந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அம்மா கேட்டாள், கொசு என்றேன்.

குமாரு, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1996-இல் நீ ஐந்தாம் வகுப்பு. ஆபீஸ் கணக்கில் ஒரு தொகை இடித்தது. பணத்தை நான் தொடவில்லை. ஆனால் வவுச்சரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. மூன்று மாதம், தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பி ஜங்ஷனுக்குப் போவேன். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து பெஞ்சில் உட்காருவேன். திருச்செந்தூர் பாசஞ்சர் போகும், வரும். தெரிந்த முகம் வந்தால் பேப்பரை உயர்த்திக்கொள்வேன். அரைச் சம்பளம் வந்தது. மீதிக்கு உன் பெரிய மாமாவிடம் கடன் வாங்கினேன். அதையும் அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் நீ ரேங்க் கார்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாய். கணக்கில் 31. மார்க்குக்காக அடிக்கவில்லை, பொய் சொன்னதற்காக அடிக்கிறேன் என்று சொல்லி பெல்ட்டால் அடித்தேன். அன்றைக்கும் ஜங்ஷனிலிருந்துதான் வந்திருந்தேன். அந்த பெல்ட்டைக் கழற்றும்போது சட்டைப் பாக்கெட்டில் அன்றைய டிக்கெட் இருந்தது.

போன வாரம் உன்னைப் பற்றி அம்மாவிடம் பேச்செடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் பீரோவில் சேலைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தாள். ரப்பர் பேண்ட் இற்றுப்போய் ஒட்டிக்கிடந்தது. எல்லாம் பிளாட்பாரம் டிக்கெட். துணி துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். தெரிந்தே மூன்று மாதம் டிபன் கட்டித் தந்திருக்கிறாள்.

சரி. மாடி ரூமுக்கு வெள்ளை அடித்து பாத்ரூம் குழாயை மாற்றிவிட்டேன். சும்மாதான் கிடக்கிறது. எஃப்.டி. ஒன்று இந்த மாதம் மெச்சூர் ஆகிறது, எங்களுக்கு அதில் அவசரம் ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா முன்னால் பேச வேண்டாம் என்று தோன்றினால் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடு. அவள் தூங்கிவிடுவாள். மைக்கேலை பனாமாவில் ஒரு ஜெயிலில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். மூன்றாவது சீசன் 13 எபிசோடு பாக்கி இருக்கிறது. நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா