சுற்றுலா வருகிறவர்களுக்கு நம் வீட்டுச் சாப்பாடு கிடைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோபிசெட்டிபாளையத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறேன். விடுமுறை நாட்களில் கொடிவேரி, பவானிசாகர் அணைகள், பண்ணாரி கோயில் என்று வெளியூர்க் குடும்பங்களை அழைத்துப்போவதுதான் பிழைப்பு. வண்டியில் ஏறியதும் பாதிப் பேர் கேட்பது, "இந்த ஊர்ல சாப்பிட என்ன விசேஷம்?"

கொடிவேரி மீன் வறுவலைச் சொல்வேன். ஈரோட்டுப் பக்கம் போனால், சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வதக்கிய பள்ளிபாளையம் சிக்கன் இருக்கிறது. அதற்கு மேல் கைகாட்ட எனக்கு இடமில்லை. இடியாப்பம் மாதிரியான சந்தகை, கொள்ளுப் பருப்பு, அரிசியும் பருப்பும் சாதம், கச்சாயம் என்கிற இனிப்புப் பலகாரம் எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. கோவையிலும் ஈரோட்டிலும் கொங்குச் சமையல் என்று பலகை வைத்த உணவகங்கள் உண்டு, சரி. ஆனால் அணைக்கும் கோயிலுக்கும் வருகிறவர்கள் கண்ணில் படுவது பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும்தான். அதைத் தின்ன இவ்வளவு தூரம் வரவேண்டுமா?

"வெளியூர்க்காரங்க நம்ம சாப்பாட்டைத் தொடமாட்டாங்க" என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன கோடை விடுமுறையில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்றை, சத்தியமங்கலம் அருகே என் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அன்று அங்கே சந்தகை. இடியாப்பத்துக்கு மாவைப் பிழிந்த பிறகு வேகவைப்பார்கள். சந்தகைக்கு அரிசியை ஊறவைத்து ஆட்டி, இட்லியாக ஊற்றி வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் இறங்காது. வந்திருந்த பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் அவரே கைப்பிடியைத் திருக உட்கார்ந்துவிட்டார். பேரன்தான் முகத்தைச் சுளித்தான். "ஒரு வாய் போட்டுப் பாரு சாமி" என்று அக்கா, நாட்டுச்சர்க்கரை கலந்த தேங்காய்ப்பாலை ஊற்றிக் கொடுத்தார். அடுத்த முறை தட்டை அவனே நீட்டினான். கொள்ளு ரசத்தைப் பார்த்ததும் பையனின் அப்பா, "குதிரைக்கு வைக்கிறதாச்சே" என்று தயங்கினார். "கொழுத்தவனுக்குக் கொள்ளுடா, குடி" என்றார் பாட்டி. தயங்கியவரே இரண்டு டம்ளர் குடித்தார்.

அதனால் ஆள் தொடமாட்டார்கள் என்பதல்ல விஷயம். கையில் கொடுத்து, இது இன்னதென்று சொல்ல ஒருவர் வேண்டும்.

சந்தகை பிழிய இரண்டு பேர் வேண்டும், தினமும் போட முடியாது என்பது எனக்கும் தெரியும். சனி, ஞாயிறு மட்டும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு அணைப் பக்கம் ஓர் இடம் கொடுத்தால் அவர்கள் செய்துவிடுவார்கள். அரிசியும் பருப்பும் போட அந்தச் சிரமம்கூட இல்லை. துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு, சீரகம் எல்லாம் ஒரே குக்கரில் அடங்கும். மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் அப்பளமும் போதும். எந்தச் சின்ன மெஸ்ஸும் நாளைக்கே தொடங்கலாம். தொடங்கினால் பெயரை வாசலில் பெரிதாக எழுதிப் போடுங்கள், நாங்கள் வண்டியை அங்கே நிறுத்துகிறோம்.

வருகிறவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சாப்பிட உட்கார்ந்ததும் பிரியாணி இருக்கிறதா என்று கேட்காமல், இங்கே வீடுகளில் இன்று என்ன சமைப்பார்கள் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆளுக்கு அது கடையில் இருக்கும்.

தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பக்கத்தில் அணை திறந்திருக்கும் நேரம், நுழைவுக் கட்டணம் எல்லாம் போடுகிறீர்கள். அந்தந்த ஊரில் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தெளுவை, அதாவது பதநீரை, வெயில் ஏறுவதற்குள் குடித்தாக வேண்டும் என்று தெரியாமல் பத்து மணிக்கு மேல் கேட்கிறவர்கள்தான் அதிகம். பள்ளித் தேர்வுகள் முடிந்து கூட்டம் வருவதற்கு முன்பே இதைச் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
கோபிசெட்டிபாளையம்.