ஃபேரர் பார்க் குளத்துப் பையன்

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். பேத்தியை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். சனிக்கிழமைகளில் துண்டைத் தூக்கிக்கொண்டு உடன் போவது என் வேலை. மற்றவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் பயிற்றுவிப்பாளரையே பார்த்துக்கொண்டிருப்பேன். குளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து, பிள்ளையின் முழங்கையைப் பிடித்து உயர்த்திக் காட்டுகிறார். அதே ஈரக் கையால் ஸ்டாப்வாட்ச்சை அழுத்துகிறார். ஒரு காலத்தில் அவரும் போட்டிகளில் நீந்தியவராம். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நம் சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஆங் பெங் சியோங் நினைவுதான்.

நம் ஃபேரர் பார்க் குளத்துப் பையனை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா ஆங் தெக் பீ, 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோவில் போட்டியிட்டவர். பிறகு அந்தக் குளத்தின் மேற்பார்வையாளர். மகன் தண்ணீரிலேயே வளர்ந்தார். அந்தக் குளம் நம் தேக்கா வட்டாரத்திலிருந்து நடக்கிற தூரம்தான், நாம் என்னவோ ஆழமில்லாத பக்கத்தைத் தாண்டவில்லை! 1982இல் அமெரிக்க தேசியப் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலை அவர் 22.69 விநாடிகளில் நீந்தினார். அந்த ஆண்டு உலகில் வேறு எவரும் அவ்வளவு வேகமாக நீந்தவில்லை. அதே ஆண்டு புதுடில்லி ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரில் தங்கம்.

ஆனால் 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் போட்டியே கிடையாது. 100 மீட்டரில் நீந்தி, முதல் எட்டுப் பேருக்கு அடுத்தவர்களுக்கான ‘பி’ இறுதிச் சுற்றில் முதலாவதாக வந்தார். 50 மீட்டர் சேர்க்கப்பட்டது 1988 சியோலில்தான். வேக நீச்சல்காரருக்கு ஆறு ஆண்டுகள் என்றால் சும்மாவா?

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிது. 1995இல் நீச்சல் பள்ளி தொடங்கி, பின்னாளில் அதே ஃபேரர் பார்க் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். தெரேசா கோ போன்ற உடற்குறையுள்ள நீச்சல் வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். தேசியத் தலைமைப் பயிற்றுவிப்பாளராகவும் இருந்தார்.

அந்த 22.69ஐ, 2015இல் இங்கே நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஜோசஃப் ஸ்கூலிங் முறியடிக்கும்வரை, தேசிய அளவில் யாரும் தாண்டவில்லை. 33 ஆண்டுகள் நின்ற சாதனை என்று நாம் மார்தட்டுகிறோம். எனக்கு என்னவோ அது உறுத்துகிறது. நீந்தியவருக்கு அது பெருமைதான். பயிற்றுவிப்பாளர் ஆனபின், தன் நேரத்தை அழிக்க ஒருவரும் வரவில்லையே என்று பட்டிருக்காதா? அவர் வேலையே அப்படிப்பட்ட ஆளை உருவாக்குவதுதானே! ஸ்கூலிங் அடுத்த ஆண்டே ரியோவில் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியில் தங்கம் வென்றது உனக்குத் தெரியும். அன்று காப்பிக்கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

பேத்தி போட்டிக்குப் போக வேண்டும் என்கிறாள். மருமகளோ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடியட்டும் என்கிறாள். நம் வீடுகளில் நீச்சலுக்குத் தண்ணீரைவிடத் தேர்வுதான் பெரிய கண்டம். நீ உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், நீ சொன்னால் எடுபடும். மருமகளுக்கு வாசித்துக் காட்டும்படியாக விரிவாக எழுது; என்னைப் பற்றிய கேலியை மட்டும் தனித் தாளில் வைத்து அனுப்பு.

உன் பழைய நண்பன்