ரோட்ஸ்டரின் சைலன்சர் மாற்றிய கதை

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். மூத்தவள் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் படிக்கிறாள். சின்னவனுக்கு இந்த வருடம் ஏ.எல். சோதனை, அதனால் வீட்டில் டிவி ஓடுவதில்லை.

நீயும் ஒரு பழைய மாஸ்டா ரோட்ஸ்டர் வாங்கிவிட்டாய் என்று எழுதிய இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை வைத்தே என்ன கார் வருகிறது என்று சொல்லுவாயே, அந்தக் காதுக்கு ஏற்ற கார்தான் வாய்த்திருக்கிறது. சைலன்சர் உக்கிவிட்டது, வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக மாற்றலாம். நான் போன மாதம்தான் என்னுடையதை மாற்றி முடித்தேன். எல்லாம் நினைவில் பச்சையாக இருக்கும்போதே விவரமாக எழுதிவிடுகிறேன்.

முதலில், அது ஏன் உக்குகிறது என்று பார். இங்கே கடல் காற்று. மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களின் ஜன்னல் கம்பி கூடத் தப்புவதில்லை. உங்கள் ரொறன்ரோவில் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு. ஆனால் பின் சைலன்சர் பெட்டியை அதிகம் தின்பது உள்ளே நிற்கும் தண்ணீர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் குழாய் வழியே போகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் முழுக்கச் சூடாகி ஆவி வெளியே போய்விடும். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளைக்குப் போய் வருகிற ஓட்டத்தில் பின்பெட்டி சூடாகவே மாட்டாது. அங்கே ஆவி குளிர்ந்து, கொஞ்சம் அமிலமும் சேர்ந்து, பெட்டியின் அடியில் தேங்கிவிடும். வெளியில் பார்த்தால் பெயின்ட் நன்றாக இருக்கும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். என்னுடையது அப்படித்தான் போனது.

ஒரு கராஜில் காட்டினேன். "எல்லாத்தையும் வெட்டிப் போட்டுட்டு நேர் பைப் அடிச்சுத் தாறம் சேர், அரை நாள் வேலை" என்றார்கள். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. இந்தக் கார் 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் வெளிவந்தபோது, அதன் சத்தமும் சும்மா அமைந்ததல்ல. தோஷிஹிகோ ஹிராய் தலைமையிலான குழு, சைலன்சரின் ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் திருத்தித்தான் அதை முடிவு செய்தது. ஜப்பானில் விற்ற 1.6 லீற்றர் என்ஜினுக்கு 120 குதிரைத்திறன். காரின் எடை 940 கிலோ. பெரிய வேகத்துக்காகச் செய்த வண்டி அல்ல இது, ஓட்டுகிறவனின் காதும் கையும் காலும் சேர்ந்து சந்தோஷப்படச் செய்தது. அந்தக் குரலை அறுத்து எறிய எனக்கு மனம் வராது.

அதனால் பழைய அமைப்பிலேயே, மெல்லிய சத்தமுள்ள துருப்பிடிக்காத எஃகுப் பெட்டியும் நடுக்குழாயும் ஜப்பானிலிருந்து எடுப்பித்தேன். 304 ரகம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அதில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல். கார்க் கம்பனிகள் வழக்கமாகப் போடும் 409இல் குரோமியம் 11 வீதம் அளவில்தான். அதன் மேல் துரு சீக்கிரம் படியும். உப்புக்குப் பக்கத்தில் வாழ்கிற நம் இருவருக்கும் 304க்குக் கொடுக்கும் மேலதிகக் காசு வீண்போகாது.

இனிக் கழற்றுகிற வேலை. இந்த வேலையில் முக்கால்வாசி கழற்றுவதில்தான் இருக்கிறது மச்சான், பூட்டுவது சுலபம். வீட்டு முன் போர்ட்டிகோவில், சமமான சீமெந்துத் தரையில், நான்கு மூலையும் ஸ்டாண்டில் ஏற்றினேன். ஜாக்கை நம்பி ஒரு நிமிடம்கூடக் காருக்குக் கீழே போகாதே. அதில் எண்ணெய் இறங்கினால் உனக்கு நகர நேரம் கிடைக்காது. ஏற்றிய பிறகு பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பார், அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போ. கண்ணாடி போட்டுக்கொள். மேலே பார்த்துக்கொண்டு வேலை செய்யும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

புகையைச் சுத்தம் செய்யும் கன்வேர்ட்டர் பெட்டிக்குப் பின்னால் குழாய் சேரும் பிளேட்டில் உள்ள நட்டுகள்தான் உன்னைச் சோதிக்கும். முப்பது வருடம் சூடும் ஈரமும் பட்டு, எது நட், எது அது ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் என்று தெரியாமல் ஒரே செம்மண் கட்டியாக இருக்கும். துரு, தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் மரைக்குள் அப்படி இறுகுகிறது. நான் முதலில் கம்பிப் பிரஷ்ஷால் ஸ்டட்டின் வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரையைத் தேய்த்து வெள்ளை தெரியும்வரை சுத்தம் செய்தேன். நட் வெளியே வரும்போது அந்த வழியால்தானே வரவேண்டும். பிறகு துரு இளக்கும் எண்ணெயை அடித்து இரவு முழுக்க விட்டேன், காலையில் மறுபடி அடித்தேன். பன்னிரண்டு மூலை சொக்கட்டைத் தொடாதே, ஆறு மூலை உள்ளதை வை. இல்லாவிட்டால் நட்டின் மூலைகள் உருண்டுவிடும்.

எண்ணெய்க்கு மட்டும் அசையாத நட்டுக்கு நெருப்பு. முதலில் எண்ணெயை நன்றாகத் துடைத்து உலரவிட வேண்டும், அது தீப்பற்றும். பெற்றோல் லைனும் பிரேக் லைனும் எங்கே போகிறது என்று பார்த்து, தகரத் துண்டால் மறைத்துக்கொள். சிறிய காஸ் டோர்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கினால் அது விரியும், உள்ளே பிடித்திருக்கும் துரு வெடிக்கும். சூடு கொஞ்சம் இறங்கியதும் ஒரு மெழுகுதிரியின் முனையை மரையில் வைத்தால் மெழுகு உருகி உள்ளே இழுபடும். அப்புறம் ஸ்பனரை வைத்து, கழற்றும் பக்கம் திருப்புவதற்கு முன் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பிப் பார். "டக்" என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டால் வெற்றி. அதற்குப் பிறகும் ஒரேயடியாகச் சுழற்றக் கூடாது: கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே. கிறீச்சிட்டுக் கொண்டே வரும். கையில் உணர்வை வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டட் முறுக ஆரம்பித்தால் ரப்பரை முறுக்குவது போல மெத்தென்று இருக்கும், அங்கே நிறுத்திவிட்டு மறுபடி சூடு காட்டு. மகள்தான் டோர்ச் பிடித்தாள். சூட்டில் எஃகு எவ்வளவு நீளும் என்று வகுப்பில் படித்ததைக் கண்ணால் காண்கிறேன் என்றாள். தகப்பனுக்கு அதைவிட என்ன வேண்டும் சொல்.

குழாயில் ஒட்சிசன் சென்சர் இருந்தால் வயர் நுழைய பக்கத்தில் வெட்டு உள்ள 22 மில்லிமீற்றர் சொக்கட் தேவைப்படும், அதன் வயரை முறுக்காதே. குழாயைத் தாங்கும் ரப்பர்களைக் கழற்ற சவர்க்காரத் தண்ணீர் போதும். கிறீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

பூட்டும்போது ஒரு விதிதான். எல்லாவற்றையும் தளர்வாகத் தொங்கவிட்டு, முன்னாலிருந்து பின்னுக்கு இறுக்கிக்கொண்டு போ. பின்னாலிருந்து தொடங்கினால் கடைசியில் குழாய் எங்கேயோ இடிக்கும். மூட்டுகளுக்கு இடையில் வைக்கும் கஸ்கட் எல்லாம் புதிது, நட்டெல்லாம் பித்தளை; பித்தளை எஃகில் பிடித்து இறுகாது, அடுத்த தடவை கழற்றுகிறவன் உன்னை வாழ்த்துவான். ஓடிச் சூடேறும்போது முழுக் குழாயும் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு நீளும், அதனால் பம்பருக்கும் குழாய் வாய்க்கும் இடையில் தாராளமாக இடைவெளி விடு.

ஸ்டார்ட் பண்ணியதும் புகை வரும், பயப்படாதே, தொழிற்சாலை எண்ணெயும் உன் கை எண்ணெயும் எரிகிறது. உன் வீட்டில் மூடிய கராஜ் என்பதால் சொல்கிறேன், கதவைத் திறந்து காரை வெளியே தள்ளிவிட்டு ஸ்டார்ட் பண்ணு. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. குழாய் சூடேறும் முன்னமே அதன் பின்வாயில் ஒரு தடித்த துணியைச் சில வினாடி பிடித்தால் ஒழுகும் இடம் "புஸ்" என்று காட்டிக்கொடுக்கும். மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவினால் குமிழி வரும். சில நாள் ஓடிய பிறகு, ஆறிய நிலையில் எல்லா நட்டையும் மறுபடி ஒருமுறை இறுக்கு.

சரி, உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கன்வேர்ட்டரை எறிந்துவிட்டு நேர்க்குழாய் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம். அந்தச் சிறிய பெட்டிக்குள் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் மெல்லிய பூச்சாக இருக்கின்றன. முதல் இரண்டும் கார்பன் மொனொக்சைட்டையும் எரியாத பெற்றோலையும் எரித்து முடிக்கும், ரோடியம் நைதரசன் ஒட்சைட்டுகளை உடைக்கும். இங்கே வருடாவருடம் லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனை பாஸாக வேண்டும், அதனால் யாரும் இலேசில் கழற்றுவதில்லை. ஒன்ராறியோவில் 2019இல் கார்களுக்கு அந்தப் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் கழற்றுவது அங்கேயும் சட்டவிரோதம்தான். சட்டத்தை விடு. எங்கள் ஒழுங்கையில் மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள், பின்குழாயின் உயரமும் அவர்கள் முகத்தின் உயரமும் அதிகம் வித்தியாசமில்லை. அதை நினைத்தால் எனக்குக் கை வராது.

சத்தத்திலும் உனக்கு நட்டம்தான். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் வினாடிக்கு 100 தடவை வெடிக்கிறது. நேர்க்குழாயில் அந்த ஆழ்ந்த முழக்கம் கபினுக்குள் நிறைந்து நிற்கும், ஹைவேயில் அரை மணித்தியாலம் ஓட்டினால் தலையிடி வரும். நல்ல பெட்டி அந்த முழக்கத்தை மட்டும் அமுக்கிவிட்டு, மேலே ஏறும் கணீர் குரலை விட்டுவைக்கும். என்னுடையது இப்போது அப்படித்தான் பாடுகிறது. விடியற்காலையில் காலி வீதியில் மூன்றாம் கியரில் இழுத்துப் போகும்போது கேட்க வேண்டும் நீ.

உதிரிப்பாகம் பற்றி ஒன்று. 2020 மார்ச்சில் நிறுத்திய கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டோம். கஸ்கட், ரப்பர் போன்ற சின்னச் சாமான்கள் அங்கே இன்னமும் கிடைக்கும். உனக்கு அங்கே தட்டுப்பாடென்றால் சொல்லு, வாங்கி அனுப்புகிறேன்.

நீ வேலையைத் தொடங்குவதற்கு முன் அந்தப் பிளேட்டின் நட்டுகளைக் கிட்டவாக நாலைந்து படம் எடுத்து அனுப்பு. 1.6ஆ 1.8ஆ என்றும் எழுது. பார்த்துவிட்டு எதற்கு எண்ணெய் போதும், எதற்கு நெருப்பு வேண்டும் என்று சொல்கிறேன். மெழுகுதிரியை மறக்காதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி