எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?

ஐயா,

2024 ஜூன் 1 மாலை, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்ததும் வெளியிட்ட கருத்துக்கணிப்புகளில், பெரும்பாலான சேனல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கிடைக்கும் என்றன. கிடைத்தது 293. சரி, கணிப்பு தவறலாம், 2004-லும் தவறியது. ஆனால் அதை நம்பி ஜூன் 3 அன்று பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளிகள் ஏறி, முடிவுகள் வந்த மறுநாளே 4,300-க்கும் மேல் சரிந்தது. சேமிப்பைப் போட்ட சாதாரண மக்களும் அதில் அடிபட்டார்கள். எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த ஊர்களில், அதில் பெண்கள் எத்தனை பேர், வாக்கு சதவீதத்தை எப்படி இடங்களாக மாற்றினார்கள் என்பதைப் பல சேனல்கள் தெளிவாகச் சொல்வதே இல்லை. பயந்து உண்மையை மறைக்கும் வாக்காளர்களும் உண்டே! இந்த விவரங்களைக் கேட்டு வாங்கிய பிறகே உங்கள் நாளிதழும் கருத்துக்கணிப்புகளை அச்சிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், மதுரை