பாதி விலைக்கு ஜிர்கோனியா கேப்: குறைவது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவமனை வாசல்களிலும் வாட்ஸ்அப் விளம்பரங்களிலும் ஜிர்கோனியா கேப்பின் (பல்லின் மேல் உறை போல மாட்டும் வெள்ளைச் செராமிக் மூடியின்) விலை இறங்கிக்கொண்டே வருகிறது. கூடவே 10 வருடம், 15 வருடம் என்று உத்தரவாத அட்டை. மருத்துவமனைக்கு அந்தக் கேப்பைச் செய்து கொடுக்கும் டென்டல் லேப்பில் மின்கட்டணமோ, கட்டட வாடகையோ, டெக்னீஷியன் சம்பளமோ இறங்கவில்லை. கேப் வெட்டி எடுக்கும் வட்டத் தட்டுகளான டிஸ்க்குகள் சீனாவிலிருந்து வந்த பிறகு மூலப்பொருள் விலை ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் 98 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிஸ்க்கில் நெருக்கி அடுக்கினால் 20 கேப்புக்கு மேல் வெட்டலாம். டிஸ்க் 5,000 ரூபாய் என்று வைத்தால் ஒரு கேப்புக்கு 250 ரூபாய். அதைப் பாதி விலைக்கு வாங்கினாலும் மிச்சம் 125 ரூபாய்தான். அதற்கு மேல் குறைத்த பணம் ஏதோ ஒரு வேலையைச் சுருக்கித்தான் வந்திருக்க வேண்டும். எந்தெந்த வேலை என்பது கேப் போட்டுக்கொள்பவருக்கும், போடும் மருத்துவருக்கும், கடன் வாங்கி லேப் தொடங்க நினைக்கும் இளைஞருக்கும் தெரிய வேண்டும்.

முதலில் பொருள். ஜிர்கோனியா என்ற ஒரே பெயரில் விற்பவை ஒரே பொருள் அல்ல. அதில் சேர்க்கும் இட்ரியா என்ற ஆக்சைடு 3 மோல் சதவீதம் என்றால், ஒடியாமல் தாங்கும் வளைவு வலிமை 1,000 மெகாபாஸ்கலைத் தாண்டும். பார்வைக்குச் சற்றுச் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். 5 சதவீதம் என்றால் ஒளி ஊடுருவும், இயற்கைப் பல் போலத் தெரியும், ஆனால் வலிமை ஏறக்குறைய பாதியாகிவிடும். 4 சதவீதம் இரண்டுக்கும் நடுவில். முன்பல்லுக்கு 5, கடைவாய்ப் பிரிட்ஜுக்கு (இல்லாத பல்லைப் பக்கத்துப் பற்களோடு இணைக்கும் தொடர் கேப்) 3 அல்லது 4 என்று பிரித்து வாங்கினால் நான்கைந்து ஷேடிலும் (நிறச்சாயலிலும்) பல தடிமனிலும் டிஸ்க் இருப்பு வைக்க வேண்டும். பணம் அலமாரியில் முடங்கும். அதனால் ஒரே வகை டிஸ்க்கை வாங்கி எல்லாக் கேஸுக்கும் ஓட்டுவது நடக்கிறது. பிறகு பிரிட்ஜ், ஒரு பல்லை அடுத்ததோடு இணைக்கும் கனெக்டரில் ஒடிகிறது. 3 சதவீத வகையில் பின்பக்க மூன்று பல் பிரிட்ஜுக்கே கனெக்டரின் குறுக்குப் பரப்பு 9 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வலிமை குறைந்த வகைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். மேலிருந்து கீழாக வகையே மாறும் மல்டிலேயர் டிஸ்க்கில், கனெக்டர் வலிமை குறைந்த மேலடுக்கில் விழாதபடி பிரிட்ஜை இறக்கி அடுக்க வேண்டும். இது கணினியில் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைச் செலவிடும் ஆள் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அடுத்தது சுருக்க எண். மெஷினில் வெட்டும்போது (மில்லிங்) ஜிர்கோனியா சாக்பீஸ் போல மென்மையாக இருக்கும். சூளையில் வெந்து இறுகும்போது நீள அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதை ஈடுகட்டப் பெரிதாக வெட்டுகிறோம். எவ்வளவு பெரிதாக என்ற எண் ஒவ்வொரு டிஸ்க்கின் லேபிளிலும் இருக்கும். பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் எண்ணும் மாறும். லேபிளில் 1.24 என்றிருக்க, பழைய டிஸ்க்கின் 1.25 மாற்றாமல் கிடந்தால், 10 மில்லிமீட்டர் கேப் 80 மைக்ரான் பெரிதாக வரும். ஒற்றைக் கேப்பில் அது தளர்வு. 50 மில்லிமீட்டர் வளைவுள்ள நீண்ட பிரிட்ஜில் அதுவே 0.4 மில்லிமீட்டர், ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழும்பும். லேபிள் கிழிந்த, பெட்டியில்லாத டிஸ்க்கை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதால் வரும் வினை இது.

வெட்டும் முனையான பர் தேய்வதும் அப்படித்தான். மழுங்கிய பர், கேப்பின் விளிம்பான மார்ஜினை வெட்டாது, உதிர்க்கும். உதிர்வு தெரியாமலிருக்க மார்ஜினைத் தடிமனாக டிசைன் செய்வார்கள். தடித்த விளிம்பு ஈறை உரசும், அங்கே அழுக்கு தங்கும், ஆறு மாதத்தில் ஈறு வீங்கும். ஒரு பர் எத்தனை பல் வெட்டியது என்று மென்பொருளே கணக்கு வைக்கிறது. எச்சரிக்கை வந்ததும் கணக்கைப் பூஜ்யமாக்கிவிட்டு அதே பர்ரை ஓட்டுவது மிச்சம் பிடிப்பதாகாது.

சூளை விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சூளையில் வேகவைக்கும் சின்டரிங் 1,450 முதல் 1,550 டிகிரி வரை, டிஸ்க் தயாரிப்பாளர் சொன்ன அளவில் நடக்க வேண்டும். சூடேற்றி, நிறுத்தி, ஆறவிட்டு எடுக்க வழக்கமான முறையில் 8 முதல் 10 மணி நேரம். கலர் திரவத்தில் தோய்த்த கேப் முழுக்க உலராமல் உள்ளே போனால் ஈரம் ஆவியாகி விரிசல் விடும். விரைவாக வேகவைத்து முடிக்கும் வேகச் சுழற்சி என்று ஒன்று உண்டு. டிஸ்க் நிறுவனம் அனுமதித்த ஒற்றைக் கேப்புக்கு அது சரி. தடித்த பான்டிக் (இல்லாத பல்லின் இடத்தை நிரப்பும் பகுதி) உள்ள பிரிட்ஜை அதில் வைத்தால் வெளிப்புறம் முந்தி உள்புறம் பிந்தி, கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு வெளியே வரும். சூளையில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் நாளாக ஆகத் தவறிக் காட்டும். திரையில் ஒரு வெப்பம் இருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். இதைக் கண்டுபிடிக்க மலிவான செராமிக் வளையங்கள் உண்டு. கேப்களோடு சேர்த்து வேகவைத்து, மைக்ரோமீட்டரில் விட்டம் அளந்து, அட்டவணையைப் பார்த்தால் உண்மை வெப்பம் தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். கேப்பில் பச்சையோ மஞ்சளோ படிந்து வந்தால் ஷேடு திரவத்தைக் குறை சொல்வதற்கு முன் சூளையின் ஹீட்டிங் எலிமென்ட்டைப் பாருங்கள். அதன் மேற்பூச்சு உதிர்ந்து கலக்கிறது. வேலையில்லாமல் சூளையை மட்டும் ஓட்டிச் சுத்தம் செய்யும் சுழற்சி அதற்குத்தான்.

மின்தடையும் இதில் சேர்த்தி. தமிழ்நாட்டில் துணை மின்நிலையங்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உண்டு. உங்கள் நாளிதழ்தான் "நாளைய மின்தடை" பட்டியலை வெளியிடுகிறது. முந்தைய நாள் இரவே சூளையை முடுக்கி, விடிவதற்குள் முடிக்கும் லேப் தப்பிக்கும். காலையில் போட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மின்சாரம் போனால் அந்தத் தட்டில் உள்ள அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. அவற்றைத் திரும்ப வேகவைத்து அனுப்பக் கூடாது.

இப்போது லேப்பின் லாபத்தை உண்மையில் தின்பது எது என்று பார்ப்போம். ஒரு கேப்பின் விலை 100, அடக்கம் 80, லாபம் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கேப் செய்தால் லாபம் 2,000. அதில் 10 பொருந்தாமல் திரும்பி வந்து இலவசமாகச் செய்து கொடுத்தால் 800 போய்விடும். லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! இதில் இரண்டாம் முறை கூரியர் செலவும், மருத்துவர் நாற்காலியில் வீணாகும் அரை மணி நேரமும், நோயாளி போட்ட அரைநாள் விடுப்பும் சேரவில்லை. டிஸ்க்கில் 125 ரூபாய் மிச்சம் பிடிக்கத் துடிக்கும் லேப், திரும்பி வந்த கேஸ்களை எழுதும் ரீமேக் நோட்டுப் புத்தகம்கூட வைப்பதில்லை. எந்தக் கேஸ், எதனால் திரும்பியது (மார்ஜின், கடிக்கும் உயரமான பைட், பக்கத்துப் பல்லைத் தொடும் கான்டாக்ட், ஷேடு, உடைவு) என்று மூன்று மாதம் எழுதினால் போதும். பெரும்பாலும் கோளாறு அளவு எடுத்த இடத்தில் தொடங்கியிருக்கும்.

எதிர்த்தாடைக்கு அளவு எடுக்க இன்றும் ஆல்ஜினேட் பசைதான். அது நீரை இழந்து சுருங்கும். 15 நிமிடத்துக்குள் மருத்துவமனையிலேயே ஸ்டோன் (மாடல் வார்க்கும் ஜிப்சம் கலவை) ஊற்றிவிடுவது நல்லது. ஈரத் துணி சுற்றி ஜிப் கவரில் போட்டாலும் அரை மணியைத் தாண்டக்கூடாது. டெலிவரி பையனின் வண்டிப் பெட்டியில் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வரும் ஆல்ஜினேட்டில் ஊற்றிய மாடலில் எந்தக் கேப்பும் வாயில் "ஹை"யாக, அதாவது கடிக்கும்போது இடிக்கும் உயரத்தில்தான் இருக்கும். மருத்துவர் அதைத் தேய்ப்பார். தேய்த்த ஜிர்கோனியாவை வைர ரப்பரால் பளபளவென்று பாலிஷ் செய்யாமல் விட்டால் எதிர்ப்பல்லை அரம் போல அராவிவிடும். கடைசியில் பழி லேப்பின் மேல்.

கேப்புக்கு அளவு எடுக்கும் சிலிக்கானிலும் இரண்டு வகை. கன்டென்சேஷன் வகை ஆல்கஹாலை வெளியேற்றிச் சுருங்கும், ஒரு மணி நேரத்துக்குள் ஊற்ற வேண்டும். அடிஷன் வகை ஒரு வாரம்கூடத் தாங்கும். ஆனால் லேடெக்ஸ் கையுறையோடு அதன் புட்டி மாவைப் பிசைந்தால் கந்தகம் பட்டு இறுகாது. லேப் பக்கமும் தவறு உண்டு. பல்லின் பிரதியான டையை வார்க்கும் டை ஸ்டோன் 100 கிராமுக்கு நீர் 20 முதல் 23 மில்லி, பெட்டியில் அச்சிட்ட அளவுதான். கண் திட்டத்தில் நீர் விட்டால் டை மென்மையாகி, கேப்பின் உள் ஓடான காப்பிங்கைப் போட்டுக் கழற்றும்போதே மார்ஜின் தேய்ந்துவிடும். தராசும் அளவுச் சிரிஞ்சும் எந்த லேப்பையும் ஏழையாக்காது.

வாய்க்குள் ஸ்கேன் எடுத்தால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீர்ந்தன என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். ஆல்ஜினேட், ஸ்டோன் தொல்லை தீரும். மார்ஜின் தொல்லை தீராது. ஸ்கேனர் கண்ணால் பார்ப்பதைத்தான் பதியும். ஈறுக்குக் கீழே ரத்தத்தில் மறைந்த விளிம்பை அது பார்க்காது; மென்பொருள் ஓட்டையைத் தானாக ஊகித்து நிரப்பும், திரையில் அழகான கோடு தெரியும். ஈறை ஒதுக்கும் நூலான ரிட்ராக்ஷன் கார்டு வைத்து, உலர்த்தி, விளிம்பு முழுவதும் தெரிய எடுத்த ஸ்கேன்தான் கேஸ். பின்பல் மேற்பரப்பில் ஜிர்கோனியாவுக்கு 1 மில்லிமீட்டர் இடம் வேண்டும், 0.5தான் இருக்கிறது என்று மென்பொருள் சிவப்பாகக் காட்டும்போது, அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மில்லிங்குக்கு அனுப்பாதீர்கள். படத்தை மருத்துவருக்கு அனுப்பி ஒரு ஃபோன் செய்யுங்கள். அவர் பல்லைச் சற்றுக் குறைத்து மறுபடி ஸ்கேன் எடுக்கப் பத்து நிமிடம் ஆகும்.

மில்லிங் மெஷின் வாங்கத் துடிக்கும் இளைஞர்களுக்கு ஒரு கணக்கு. மாதத் தவணை 60,000, வெளியே மில்லிங் சென்டருக்குக் கொடுப்பதைவிடச் சொந்தமாக வெட்டினால் பல்லுக்கு 400 மிச்சம் என்றால், தவணைக்கு மட்டும் மாதம் 150 பல் வேண்டும். பர், சர்வீஸ், யுபிஎஸ் பேட்டரி, இயக்குபவர் சம்பளம் சேர்த்தால் 250ஐ எட்டும். அதற்குக் குறைவாக இருந்தால் டெஸ்க்டாப் ஸ்கேனரும் டிசைன் மென்பொருளும் மட்டும் வாங்கி, வெட்டுவதை வெளியே கொடுப்பதுதான் பிழைக்கும் வழி. வேலை வராத மெஷினை ஓட்டத்தான் பாதி விலை விளம்பரங்களே பிறக்கின்றன.

உலோகத்தின் மேல் செராமிக் ஒட்டிய மெட்டல் செராமிக் கேப்பைப் பழைய சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நீண்ட பிரிட்ஜுக்கும் கறுத்த பல்லை மறைக்கவும் அது இன்றும் நம்பகமானது. மலிவாக்குகிறோம் என்று உருக்கி வார்க்கும் காஸ்டிங்கில் மிஞ்சிய பழைய உலோகத்தையே மறுபடி மறுபடி உருக்கினால் செராமிக் ஒட்டத் தேவையான தனிமங்கள் எரிந்துபோய், ஓடு பெயர்ந்து விழும். குறைந்தது பாதி புது உலோகம் வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு கோபால்ட் குரோமியமோ ஜிர்கோனியாவோதான். பெரிலியம் கலந்த உலோகத்தை லேப்புக்குள்ளேயே விடாதீர்கள். அதன் தூசியும், வார்ப்பு அச்சு செய்யும் இன்வெஸ்ட்மென்ட் பவுடரில் உள்ள சிலிக்காவும் டெக்னீஷியனின் நுரையீரலில்தான் போய்ச் சேரும். அதனால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸுக்கு மருந்து இல்லை. மேசைதோறும் தூசி உறிஞ்சி, என்95 முகக்கவசம் என்ற செலவை வெட்டி விலை குறைப்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கொடியது.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேஸ் போய் நான்கு மாதம், ஆறு மாதம் கழித்து வரும் பணத்தில் எந்த லேப்பும் நல்ல டிஸ்க் வாங்க முடியாது. உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கணக்கு எழுதி வரி கட்டுபவர்கள் இந்தக் கெடு தாண்டி நிலுவை வைத்த தொகையை, கொடுத்து முடிக்கும்வரை செலவாகக் காட்டவும் முடியாது. லேப்கள் இன்றே உத்யம் எண்ணை பில்லில் அச்சிடலாம்.

நோயாளிகள் கேட்க வேண்டியது உத்தரவாத ஆண்டை அல்ல. அது உடைந்தால் இன்னொரு கேப் இலவசம் என்ற வாக்குறுதி மட்டுமே. மறுபடி வெட்டப்படும் பல்லுக்கு ஈடில்லை. கேப்பின் பொருள் என்ன, எந்த வகை, டிஸ்க் பேட்ச் எண் என்ன, செய்த லேப் எது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இந்தியப் பல் மருத்துவச் சங்கத்தின் கிளைகளும் லேப் உரிமையாளர்களும் கூடி, இந்த நான்கு கட்டங்களோடு அளவு எடுத்த நேரம், அளவுப் பொருள், ஷேடு புகைப்படம் என்ற மூன்றையும் சேர்த்து ஒரே மாதிரியான லேப் சீட்டு ஒன்றைத் தமிழ்நாடு முழுவதற்கும் கொண்டுவர வேண்டும். சீட்டின் ஒரு பிரதி நோயாளியிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
டென்டல் லேப் டெக்னீஷியன்கள் சிலர்,
மதுரை