நாற்பது பேர் மூட்டும் நெருப்புக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழுவாகச் சென்று கூடாரமிட்டுத் தங்குவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். எதை எடுத்துச் செல்ல வேண்டும், கூடாரத்தை எங்கே அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கியிருந்த கட்டுரையாளர், இரவு கேம்ப் ஃபயரை மட்டும் ஒரே வரியில் கடந்துவிட்டார். இத்தகைய முகாம்களின் ஏற்பாட்டாளர்களில் ஒருவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மழை பொய்த்துப் புல்லும் சருகும் காய்ந்து கிடக்கும் காலத்தில் அதிகம் எழுதப்பட வேண்டியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

தனியாகத் தங்குபவர் மூட்டும் நெருப்பு அவருடையது. அதை அணைக்க வேண்டியவரும் தாமே என்பது அவருக்குத் தெரியும். நாற்பது பேர் கூடும் இடத்திலோ விறகு பொறுக்கியவர் ஒருவர், பற்றவைத்தவர் வேறொருவர், நள்ளிரவு வரை கட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தவர் மூன்றாமவர். கடைசியாக எழுந்து போனவரோ, இன்னும் யாராவது விழித்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கூடாரத்துக்குள் நுழைந்திருப்பார். எல்லோருக்கும் சொந்தமான அந்த நெருப்பு விடியும்வரை கவனிக்க ஆளில்லாமல் கிடக்கும்.

அப்படியொரு விடியலை நானே பார்த்திருக்கிறேன். முந்தைய இரவு ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, மேலே மண்ணையும் தள்ளிவிட்டுப் படுக்கப் போயிருந்தார்கள். காலையில் அந்த இடம் சாம்பல் படிந்த ஒரு சிறு மேடாக மட்டுமே தெரிந்தது. அதை மிதித்துக்கொண்டு ஓடிய ஒரு சிறுவனின் ரப்பர் செருப்பு, அடிப்பக்கம் இளகி நாற்றமடித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. குச்சியால் கிளறிப் பார்த்தால் உள்ளங்கை அளவில் செக்கச்செவேலெனத் தணல். நீறு பூத்த நெருப்பு என்பதை அதுவரை நான் ஓர் உவமையாகவே அறிந்திருந்தேன். மண்ணும் மணலும் தணலைக் குளிர்விப்பதில்லை. போர்வை போல மூடி அதன் சூட்டைப் பல மணி நேரம் காக்கின்றன. தண்ணீர் ஊற்றி, கிளறி, சீறும் ஓசை அடங்கும்வரை மீண்டும் மீண்டும் ஊற்றி, ஓரக் கற்களைப் புரட்டி நனைத்து, முதலில் புறங்கையை மேலே காட்டியும் பிறகு தொட்டும் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்த பிறகே நெருப்பு அணைந்ததாகக் கொள்ள வேண்டும். பூமிக்கடியில் காய்ந்த வேர் ஒன்று பற்றியிருந்தால் அது நாள் கணக்கில் புகைந்து, சற்றுத் தள்ளி வேறோரிடத்தில் தலைகாட்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2011 மே மாத இறுதியில் முகாமிட்டிருந்த இருவர், நெருப்பு அணைந்துவிட்டதாக எண்ணி அதை விட்டுவிட்டு நடைபயணம் கிளம்பினார்கள். அவர்களும் சோதிக்காமல் போகவில்லை. ஒரு மிட்டாய் உறையைச் சாம்பலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அது உருகாததால் திருப்தியடைந்துவிட்டார்கள். அந்தத் தீ சுமார் 5,38,000 ஏக்கரை எரித்தது.

வறண்ட காலத்தில் முந்தைய வாரம் பெய்த தூறலை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். பென்சிலைவிட மெல்லிய புல்லும் குச்சியும் காற்றின் ஈரத்துக்கேற்ப ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடக்கூடியவை. காலையில் காலை நனைத்த பனிப்புல் பிற்பகலில் தீக்குச்சிக்காகக் காத்திருக்கும் நிலைக்கு வந்துவிடும். சரிவின் மேல்நோக்கித் தீ இன்னும் விரைவாகப் பாயும். சரிவு ஒவ்வொரு பத்து பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்பவர்களின் பொதுக் கணக்கு. ஆகவே காட்சி அழகுக்காக மேட்டின் உச்சியில் கூடாரங்களை வரிசையாக அடிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

கேம்ப் ஃபயரை நிறுத்தினால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2005இல் சிலி நாட்டின் தோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவில், முகாமிட அனுமதியில்லாத இடத்தில் ஒரு பயணியின் சிறிய கேஸ் அடுப்பு கவிழ்ந்து சுமார் 15,000 ஹெக்டேர் எரிந்தது. நாற்பது பேர் வந்தால் குறைந்தது பத்து வண்டிகளும் வரும். சூடேறிய புகைக்குழாய் காய்ந்த புல்லைத் தொட்டாலே போதும். ஓடிச் சூடான ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றுவதும், கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதும் எந்தக் காலத்திலும் கூடாதவை. கூடாரத் துணி பெரும்பாலும் நைலான் அல்லது பாலியஸ்டர். எரியும்போது உருகி உடம்பில் ஒட்டும். கயிறுகள் பின்னிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமாக அடித்த கூடாரங்களுக்கிடையே இருட்டில் ஓடுவது எப்படியிருக்கும் என்று ஒருமுறை நடந்து பார்த்தாலே விளங்கும்.

என் பிரதான வேண்டுகோள் முகாம் நடத்துபவர்களுக்கானது. நெருப்பு உண்டா இல்லையா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே, காற்றையும் ஈரப்பதத்தையும் தீயணைப்புத் துறையின் எச்சரிக்கையையும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். அறிவிப்பிலேயே கேம்ப் ஃபயர் என்று போட்டுப் பணமும் வாங்கிவிட்டால், அந்தி சாய்ந்தபின் நாற்பது முகங்களின் எதிரே நின்று இன்று வேண்டாம் என்று சொல்லும் துணிவு எவருக்கும் வராது, எனக்கே வந்ததில்லை. தடை அறிவிக்கப்படவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்வதும் தவறு. நெருப்பு உண்டு என்று முடிவானால், சமையல், பாட்டு, விளையாட்டு எதிலும் பங்கில்லாத ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய கேன்களும் மண்வெட்டியும் இருக்க வேண்டும். அது குடிப்பதற்கென்று வைத்த தண்ணீராக இருக்கக் கூடாது, ஏனெனில் அதைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. சாம்பல் குளிரும்வரை அந்த ஒருவர் உறங்கப் போகக் கூடாது. வண்டிகள் வெளியேறும் திசை பார்த்து நிற்க வேண்டும்; வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒருவர் கையில் தாளாக இருக்க வேண்டும், ஏனெனில் கைப்பேசி அணைந்துவிடலாம். எங்கள் முகாம்களில் நெருப்பைக் காக்கும் அந்த வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் என்பதால், அதைச் செய்பவரை யாருக்கும் அதிகம் பிடிக்காது என்பதையும் சொல்லி வைக்கிறேன். அதே முகாம்களில் பேட்டரி விளக்கைச் சுற்றி உட்கார்ந்தபோதும் பாட்டுக்குக் குறைவிருந்ததில்லை.

அந்தக் கட்டுரைத் தொடர் தொடருமானால், அடுத்த பகுதியில் எடுத்துச் செல்ல வேண்டிய பொருள்களின் பட்டியலில் மண்வெட்டியையும், நெருப்புக்கென்றே தனியான தண்ணீர்க் கேன்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்