காலாண்டு விடுமுறைக்குப் பின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புடையீர்,

வணக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறையும் கழிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பிவிட்டார்கள். மதிப்பெண் அட்டைகள் உங்கள் கைக்கு வந்திருக்கும். விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் நன்றாக ஆடினார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. நூலகத்துக்குப் புதிய புத்தகங்கள் வந்துள்ளன. இவற்றுக்கெல்லாம் துணை நின்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நன்றி.

உங்களோடு சற்று விரிவாகப் பேச வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. புதன்கிழமை மாலையிலும் சனிக்கிழமை காலையிலும் நம் பள்ளியில் தன்னார்வக் கலைக்குழு ஒன்று தெருக்கூத்து, பறை, சுடுமண் வேலை, ஓவியம் ஆகியவற்றைக் கற்றுத் தருவதை அறிவீர்கள். வில்லியனூரைச் சுற்றியுள்ள ஊர்களின் இளைஞர்கள் தங்கள் சொந்த வேலைக்கு நடுவே நடத்தும் குழு அது. பிள்ளைகளிடம் அவர்கள் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. கூத்து வாத்தியாரின் போக்குவரத்துச் செலவு, வண்ணம், களிமண், பறைக்குத் தோல் என எல்லாவற்றையும் நன்கொடை திரட்டியே சமாளிக்கிறார்கள். ஜூன் மாதத்தில் விருப்பப்பட்டுப் பெயர் கொடுத்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்போது வருவதில்லை. பெரும்பாலானோர் தாமாக நிற்கவில்லை, வீட்டில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பது அவர்களிடம் பேசியபோது தெரியவந்தது.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் பக்கம் கம்பெனிகளில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, டியூஷனுக்குப் பணம் கட்டிப் பிள்ளையைப் படிக்க வைக்கும் பெற்றோர், கணக்கில் மதிப்பெண் குறைந்த அட்டையைப் பார்த்தவுடன் வாரத்தில் எந்த நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று யோசிப்பது இயல்பே. அந்த யோசனை முதலில் கலை வகுப்பின் மேல் போய் விழுகிறது. அது காசு கொடுக்காமல் கிடைப்பது, தேர்வில் வராதது என்பதால், நிறுத்தினால் யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றுகிறது. நட்டம் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சென்ற சனிக்கிழமை கூத்து ஒத்திகையைப் பார்க்கப் போயிருந்தேன். பாரதக் கதையிலிருந்து ஒரு பகுதியைப் பிள்ளைகள் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். கூத்தில் ராஜா வேடம் இல்லாமல்கூடச் சிறிது நேரம் ஓட்டிவிடலாம், கட்டியங்காரன் இல்லாமல் ஓட்ட முடியாது. வேடங்களை அவைக்கு அறிமுகம் செய்வதும், கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவதும், கூட்டத்தைச் சிரிக்க வைப்பதும் அவன்தான். கட்டியங்காரனாக ஆடும் எட்டாம் வகுப்பு மாணவன் சில வாரங்களாக வரவில்லை. இரண்டு பிள்ளைகள் திரையைப் பிடித்தபடி நிற்க, திரைக்குப் பின்னால் துரியோதனன் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்க, கேட்க வேண்டியவன் இல்லாததால் வாத்தியாரே அவன் வசனத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்துத் தடுமாறினார்கள். ஒரு வீட்டில் எடுத்த முடிவு மற்ற வீட்டுப் பிள்ளைகளின் உழைப்பையும் சேர்த்து நிறுத்திவிட்டது.

சுடுமண் வகுப்பிலும் இதே நிலைதான். அலமாரியில் ஒரு குதிரையின் நான்கு கால்கள் மட்டும் நிற்கின்றன. செய்த மாணவி உடலைச் சேர்க்கும் முன்பே நின்றுவிட்டாள். கால்கள் முழுக்கக் காய்ந்துவிட்டால் ஈர மண்ணால் செய்த உடல் அவற்றோடு ஒட்டாது. ஒட்டினாலும் ஒன்று சுருங்க மற்றொன்று சுருங்காமல் விரிசல் விடும், சூளையில் வெடித்துவிடும். அவள் இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மண்ணைப் பிசைவதில் என்ன படிப்பு இருக்கிறது என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். எந்த ஈரத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்று பொறுமையாகக் காத்திருந்து கற்பதும் படிப்புதான். வில்லியனூர் சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்தக் கலைக்காகவே வி.கே. முனுசாமி அவர்களுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அந்த மண்ணில் வாழும் நாம் இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

படிப்பா கலையா என்று தேர்ந்தெடுக்கும் கட்டாயம் ஒரு காலத்தில் உண்மையிலேயே இருந்தது. தமிழ் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையைத் தொடங்கினார். அத்தகைய சபைகளில் சேர்ந்த பிள்ளைகள் வீட்டையும் பள்ளியையும் விட்டு ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. சுவாமிகள் 1922 நவம்பர் 13 அன்று நம் புதுச்சேரியில்தான் மறைந்தார். கருவடிக்குப்பத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. இன்று உங்கள் பிள்ளை எதையும் விட வேண்டியதில்லை. பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வாரத்துக்குச் சில மணி நேரத்தில், படிப்போடு சேர்த்தே அந்தக் கலையைக் கற்றுக்கொள்ள முடிகிறது. அவர் நினைவு நாளை ஒட்டி நவம்பர் இரண்டாம் வாரத்தில் பிள்ளைகளின் கூத்தைப் பள்ளியில் அரங்கேற்றக் குழுவினர் எண்ணியிருக்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாகக் கலை வகுப்பை நிறுத்துவதை இப்பள்ளி ஏற்காது. எந்த இடத்தில் பிள்ளை முதன்முதலாகப் பாராட்டு வாங்கியதோ அந்த இடத்தையே பறித்தால் கணக்கு வந்துவிடாது, பள்ளியின் மீதிருக்கும் ஆசைதான் போகும். அதேபோல், வயதுக்கு வந்துவிட்டாள் என்ற காரணத்துக்காகப் பெண் பிள்ளைகளைக் கூத்திலிருந்தும் பறையிலிருந்தும் விலக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய கலையில் நம் மாணவிகள் இன்று ஆண் வேடமும் கட்டி ஆடுகிறார்கள். வகுப்பு நேரம் முழுதும் பள்ளி ஆசிரியை ஒருவர் உடன் இருக்கிறார். பாதுகாப்பில் ஐயம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், அல்லது எந்த நாளும் நேரில் வந்து உட்கார்ந்து பாருங்கள்.

உண்மையான காரணத்தால் பிள்ளையை நிறுத்தத்தான் வேண்டும் என்றால், இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து, என்னையும் ஒருமுறை சந்தித்துவிட்டு நிறுத்துங்கள். சொல்லாமல் நிறுத்தப்படும் பிள்ளையின் இடம் காத்திருக்கும் மற்றொரு மாணவருக்குக் கொடுக்கப்படும். அந்த இடத்தை இக்கல்வியாண்டில் திரும்பத் தர இயலாது. ஏற்கெனவே நின்றவர்கள் வருகிற சனிக்கிழமைக்குள் திரும்பி வந்தால் எந்தக் கேள்வியும் இன்றிச் சேர்த்துக்கொள்வோம். கட்டியங்காரன் இடம் அதுவரை காலியாகவே இருக்கும்.

பள்ளியின் தரப்பிலும் சில மாற்றங்களைச் செய்கிறோம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஜனவரி முதல் கலை வகுப்பு இருக்காது. தேர்வு முடிந்தபின் விரும்புவோர் தொடரலாம். கணக்கில் பின்தங்கிய கலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை மாலை கணித ஆசிரியர் தனியாகப் பயிற்சி தருவார், கட்டணம் கிடையாது. டியூஷன் நேரம் மோதுகிறது என்றால் சொல்லுங்கள், புதன்கிழமை வகுப்பை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்க முடியுமா என்று குழுவினரிடம் பேசுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம் இது. புயல் எச்சரிக்கை வந்தாலோ மழை வலுத்தாலோ மாலை வகுப்பு ரத்தாகும், அன்று மதியத்துக்குள் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வரும்.

இவ்வளவும் எழுதும்போது, சொல்லாமலே உதவும் பெற்றோரை மறக்கவில்லை. வேட்டியும் பழைய பட்டுப்புடவையும் தந்து வேட உடைகளைத் தைத்துக் கொடுத்த தாய்மார்களுக்கும், சனிக்கிழமை காலையில் சுண்டல் அவித்து அனுப்பும் வீடுகளுக்கும், களிமண்ணைத் தன் வண்டியிலேயே ஏற்றி வந்து இறக்கிய தந்தைக்கும், இரவுப் பணி முடித்த கண்ணோடு ஒத்திகை முடியும் வரை வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கும் பள்ளி கடமைப்பட்டிருக்கிறது. பிள்ளைகளை இவ்வளவு தூரம் எங்களை நம்பி அனுப்பியதற்கு உங்கள் எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக் கூடத்தில் குழுவினரும் கூத்து வாத்தியாரும் உங்களைச் சந்திக்க இருக்கிறார்கள். தாயோ தந்தையோ ஒருவர் அவசியம் வாருங்கள். வர இயலாதவர்கள் பிள்ளையின் நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும், நானே தொலைபேசியில் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்